காங்கேசன்துறைத் தொகுதி: நிலமும் வாக்கும்

இங்கிலாந்து தேசத்துப் பாராளுமன்ற வரலாற்றைக் கற்றவர்கள் ஓல்ட் சாரம் என்னும் இடத்தை மறந்திருக்கமாட்டார்கள். சாலிஸ்பரி நகரத்துக்கு அணித்தாயுள்ள ஒரு மேடு அது. முற்காலத்தில் அங்கே கோட்டையும் தேவாலயமும் இருந்தன. பின்னர் மக்கள் அவ்விடத்தை விட்டு நீங்கினார்கள், புல் முளைத்தது, ஆடுகள் மேய்ந்தன. ஆயினும், 1832ஆம் ஆண்டிலே சீர்திருத்தச் சட்டம் வரும்வரையும் அந்தப் புல்மேடு இரண்டு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தது. வாக்காளர் இல்லாத நிலத்துக்குப் பிரதிநிதிகள் இருந்தனர்.

நமது நாட்டின் வடகோடியிலே இதற்கு நேர்மாறான ஒரு நிலை தோன்றியது. அங்கே வாக்காளர் இருந்தனர். அவர்களுடைய பெயர்கள் இடாப்பிலே இருந்தன. அப்பெயர்களுக்கு எதிரே ஊரின் பெயரும் இருந்தது. அவ்வூரிலே அவர்கள் கால்வைக்க இயலாதிருந்தது. அந்நிலை ஓராண்டு ஈராண்டு அன்று, ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது. காங்கேசன்துறைத் தேர்தற்றொகுதியின் கதை இதுவாகும்.

கீரிமலையை அறியாத தமிழர் இலர். கடலின் ஓரத்திலே நன்னீர் ஊறும் கேணியும், நகுலேஸ்வரமும், ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் தீர்க்கத் திரளும் கூட்டமும் நேயர்களின் நினைவுக்கு வரும். அந்தக் கீரிமலையும், அதற்குக் கிழக்கே காங்கேசன்துறைத் துறைமுகமும், மயிலிட்டி மீன்பிடித்துறையும், பலாலி விமானத்தளமும், உள்ளே மாவிட்டபுரமும் தெல்லிப்பழையும் அடங்கிய பகுதியே இத்தொகுதியின் உள்ளிடம். செம்மண் நிலத்திலே புகையிலையும் வெங்காயமும் வாழையும் பயிரிடும் கமக்காரர், கரையிலே கடற்றொழிலாளர், துறைமுகத்திலும் புகையிரதப் பகுதியிலும் உழைக்கும் கூலியாட்கள், பாடசாலை ஆசிரியர், அரசாங்க உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர், இவர்களுக்கெல்லாம் குற்றேவல் செய்து வயிறு வளர்த்த நிலமற்ற மக்கள் என இதன் குடிசனம் பலதிறப்பட்டது. சமயத்தாற் பெரும்பாலோர் சைவர். கிறித்தவரும் கணிசமாக உளர். கொழும்பிலிருந்து புறப்படும் வடபகுதிப் புகையிரதம் கடைசியாக வந்து நிற்கும் இடமும் இதுவே.

டொனமூர் ஆணைக்குழுவின் சிபார்சுப்படி 1931ஆம் ஆண்டிலே இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாக் கண்டத்திலே இத்தகைய உரிமையை முதலிற் பெற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. யாழ்ப்பாணத்து மேன்மக்கள் பலருக்கு இது இனிக்கவில்லை. சேர். பொன்னம்பலம் இராமநாதன் அவர்களே இதனை எதிர்த்து நின்றார் என்பது வரலாறு. அக்காலத்திலேயே பாடசாலைகளிற் சம ஆசனம் பற்றிய பூசல் எழுந்தது என்பதையும் கருதவேண்டும். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருத்தப்படவேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டபோது, குடாநாட்டிலே சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வகுப்பறையில் வாங்கு கிடையாத தந்தைக்கு வாக்குச்சாவடியில் மட்டும் சம இடம் கிடைத்தது. அச்சாவடியும் பெரும்பாலும் அதே பாடசாலைக் கட்டடத்திலேதான் அமைந்தது!

எனினும், கிடைத்த உரிமையை முதல் மூன்றாண்டுகள் இத்தொகுதியார் பயன்படுத்தவில்லை. டொனமூர்த் திட்டம் பூரண சுயராச்சியத்தைத் தரவில்லை என்று யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசார் பகிஷ்கரிப்பைத் தூண்ட, குடாநாட்டின் நான்கு ஆசனங்களும் 1931இல் வெறுமையாய் விடப்பட்டன. அவற்றுட் காங்கேசன்துறையும் ஒன்று. 1934இல் அவ்விடங்களுக்குத் தேர்தல் நடைபெற்றபோது, பரமேசுவரக் கல்லூரி அதிபரும் இராமநாதனின் மருமகனுமாகிய சு. நடேசன் இத்தொகுதிக்கு உறுப்பினரானார். 1947 வரை அரசாங்க சபையில் இருந்தார். அக்காலத் தேர்தல்களில் ஒவ்வோர் அபேட்சகருக்கும் ஒரு நிறம் உண்டு. எழுத்தறியாதவரும் தாம் விரும்பிய நிறப் பெட்டியிலே வாக்குச்சீட்டை இடலாம். பகிஷ்கரிப்பு என்னும் அந்தப் பழைய சொல் எழுபது ஆண்டுகளின் பின் மீண்டும் இந்நிலத்திலே கேட்கப்படும் என்று அன்று எவரும் எண்ணியிரார்.

சோல்பரி அரசியற்றிட்டத்தின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனமும், ஆயிரம் சதுரமைலுக்கு ஓர் ஆசனமும் என்று தொகுதிகள் வகுக்கப்பட்டன. குடாநாட்டுக்கு ஏழு தொகுதிகள் கிடைத்தன. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் அலை வீசியது. காங்கேசன்துறையில் அக்கட்சியின் சார்பில் வெற்றிபெற்றவர் சா. ஜே. வே. செல்வநாயகம். மலாயாவின் ஈப்போ நகரிலே பிறந்து, தெல்லிப்பழையிலே வளர்ந்து, கொழும்பிலே நியாயவாதத் தொழில் செய்தவர் அவர். சமயத்தாற் கிறித்தவர், பேச்சிலே மெலிந்த குரலினர், மேடைப் பிரசங்கத்தால் மக்களை மயக்கும் ஆற்றல் அவரிடம் இருந்ததில்லை. அத்தகைய ஒருவர் முப்பதாண்டுக் காலம் இத்தொகுதியின் பெயரோடு இணைந்திருந்தமை ஆராயத்தக்கது.

ஆனால் அவருக்கும் தோல்வி உண்டு. மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் பிரசாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் எதிர்த்தார். தமிழ்க் காங்கிரஸ் அரசாங்கத்தோடு சேர்ந்தது, அவர் பிரிந்தார், 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சி தோன்றியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தம் கொள்கையைக் காங்கேசன்துறை மக்கள் முன் வைத்தபோது, மக்கள் ஏற்கவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி அபேட்சகராக நின்ற நடேசனுக்கு 15,337 வாக்குகளும், செல்வநாயகத்துக்கு 11,571 வாக்குகளும் விழுந்தன.

இந்தத் தோல்வியை ஆய்வாளர் பலவாறு விளக்குவர். சைவர் மிகுந்த தொகுதியிலே அவருடைய சமயம் பிரசாரப் பொருளாக்கப்பட்டது என்பது உண்மை. அதனினும் ஆழமான காரணம் வேறொன்று. சீமெந்துத் தொழிற்சாலை அப்பொழுதுதான் எழுந்திருந்தது. அரசாங்கத்தோடு நின்றாற் தொழில் வரும், வீதி வரும், உத்தியோகம் வரும் என்பதை மக்கள் கண்ணாற் கண்டனர். அட்டன் மலையிலே கொழுந்து கிள்ளும் பெண்ணின் வாக்குரிமை தெல்லிப்பழைக் கமக்காரனுக்கு எட்டாத பொருளாகவே இருந்தது. உண்மையிலோ அது அவனுக்கும் எட்டிய பொருள்தான். வாக்கிழந்த அந்த மக்கள் தொகுதி வகுக்கும் கணக்கில் மட்டும் சேர்க்கப்பட்டனர். அவர்களின் தொகையாற் பெருகிய ஆசனங்களைப் பிறர் அடைந்தனர். குடித்தொகைக் கணக்கில் இருந்தும் வாக்காளர் இடாப்பில் இல்லாமற்போன அந்த மலைநாட்டு நிலைமையைக் காங்கேசன்துறையார் 1952இல் பாராமுகமாய் விட்டனர் என்று சொல்வது கடுமையான தீர்ப்பே. ஆயினும் பிழையான தீர்ப்பன்று.

நான்கே ஆண்டுகளிற் காட்சி மாறியது. தனிச் சிங்களம் என்ற கோஷம் தெற்கிலே எழுந்தது. 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் இதே மக்கள் செல்வநாயகத்தைத் தெரிந்தெடுத்தனர். தமிழரசுக் கட்சி வடக்குக் கிழக்கிலே பத்து ஆசனங்களைப் பெற்றது. உத்தியோகத்தை நம்பிப் பிள்ளைகளைப் படிப்பித்த குடாநாட்டிலே மொழிச்சட்டம் ஒவ்வொரு வீட்டின் அடுப்பையும் தொட்டது. 1960 மார்ச்சு, 1960 யூலை, 1965 என்று வந்த தேர்தல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றிலும் அவரே வென்றார். இதற்கிடையில் 1959இல் வாக்களிக்கும் வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. தொகுதிகளும் மறுபடி வகுக்கப்பட்டன. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆசனங்கள் ஏழிலிருந்து பதினொன்றாயின. இந்தப் பதினொன்று என்ற இலக்கத்தை நேயர்கள் மனத்திற் கொள்வாராக, பின்னர் வேண்டியிருக்கும்.

செல்வநாயகத்துக்கு வாக்களியாதவர் யாவர் என்னும் வினாவிலேதான் தொகுதியின் சமூகநிலை வெளிப்படுகிறது. கொழும்பு நகரத்தின் வறிய பகுதிகளிலே, முடுக்குகளில் நெருங்கி வாழும் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளைப் பலகாலம் தாங்கிநின்றது. மூன்று உறுப்பினரைக் கொண்ட மத்திய கொழும்புத் தொகுதி 1947இலே ஏ. ஈ. குணசிங்கா, பீற்றர் கெனமன், ரி. பி. ஜாயா ஆகிய மூவரைத் தெரிவுசெய்தது. ஒருவர் தொழிற்சங்கத் தலைவர், ஒருவர் கம்யூனிஸ்ட், ஒருவர் முஸ்லிம் தலைவர். வறியோரும் சிறுபான்மையினரும் தமக்கென ஓர் ஆளை அனுப்பக்கூடிய ஏற்பாடு அங்கிருந்தது. காங்கேசன்துறையிலே நகரத்து முடுக்குகள் இல்லை. ஆனால் வேலிக்கு அப்பால், பனந்தோப்பின் ஓரத்திலே, பிறர் காணியில் ஓலைக்குடிலிட்டு வாழ்ந்த மக்கள் இருந்தனர். பொதுக்கிணற்றில் நீர் அள்ள முடியாதவர், தேநீர்க்கடையிலே வேறு குவளையிற் குடித்தவர், கோயில் வாசலிலே நின்று கும்பிட்டுத் திரும்பியவர் அவர்கள். அவர்களுடைய குறைகளைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையார் சோல்பரி ஆணைக்குழுவின் முன்னே எடுத்துரைத்தனர். தமிழர் சிறுபான்மையினர் என்று தலைவர்கள் வாதாடிய அதே ஆணைக்குழுவின் முன், அத்தமிழருள்ளும் ஒரு சிறுபான்மை உண்டு என்று அவர்கள் சொல்லவேண்டியிருந்தது.

1957ஆம் ஆண்டிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தது, வாசல் திறக்கவில்லை. 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன் தாழ்த்தப்பட்ட மக்களும் அவர்களுக்குத் துணைநின்றவர்களும் உள்ளே செல்லும் உரிமை கேட்டு நின்றனர். அவர்களைத் தடுக்க வாசலிலே நின்றவர் சாமானியர் அல்லர். கணிதப் பேராசிரியராயிருந்து, சுதந்திர இலங்கையின் முதல் மந்திரிசபையிலே வர்த்தக மந்திரியாகவும் விளங்கி, அடங்காத் தமிழர் என்று பெயர்பெற்ற சி. சுந்தரலிங்கம் அவர். அவர்மீது மேற்சொன்ன சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது.

இந்தப் போராட்டத்தினால் இக்கட்டுக்குள்ளானது தமிழரசுக் கட்சி. தீண்டாமை ஒழிப்பு அக்கட்சியின் கொள்கைகளுள் ஒன்றே. ஆயினும் வாசலின் உள்ளே நின்றவரும் வெளியே நின்றவரும் அதன் வாக்காளர். தமிழர் ஒற்றுமை குலையக்கூடாது என்று அது பக்குவமாக நடந்தது. பக்குவம் எனப்பட்டதை வெளியே நின்றவர்கள் மௌனம் என்று கொண்டனர். விளைவு 1970ஆம் ஆண்டுத் தேர்தலிலே தெரிந்தது. செல்வநாயகத்துக்கு எதிராக ஒருபுறம் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலமும், மறுபுறம் சுந்தரலிங்கமும் நின்றனர். செல்வநாயகம் 13,520 வாக்குகள் பெற்று வென்றாரெனினும், வழங்கப்பட்ட வாக்குகளிற் பாதியை அவர் எட்டவில்லை. கோயில் திறக்கவேண்டும் என்றவர்களிற் பலரும், திறக்கவே கூடாது என்றவர்களிற் பலரும் அவரைக் கைவிட்டனர் என்று இதற்குப் பொருள்கொள்வது தகும். சீமெந்துத் தொழிற்சாலைத் தொழிற்சங்கங்களின் செல்வாக்கையும் இதனோடு சேர்த்து எண்ணவேண்டும்.

வாக்குரிமை பெற்று நாற்பதாண்டு கழிந்தும், யாழ்ப்பாணத்துத் தாழ்த்தப்பட்ட மக்களுள் ஒருவர்கூட அதுவரை பாராளுமன்றம் சென்றதில்லை. 1970இலே மகாசபையின் எம். சி. சுப்பிரமணியம் நியமன உறுப்பினராகவே சென்றார். மக்கள் வாக்கினால் முதலில் தெரிவானவர் 1977இல் உடுப்பிட்டியில் வென்ற த. இராசலிங்கம். காங்கேசன்துறைக்கு அந்தப் பெருமை கிட்டவில்லை.

நிற்க, 1972ஆம் ஆண்டு மே மாதத்திலே குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்தது. சோல்பரித் திட்டத்திலே சிறுபான்மையோருக்கு இருந்த காப்பும் அதனோடு நீங்கியது. செல்வநாயகம் அவ்வாண்டு ஒக்டோபரிலே தம் ஆசனத்தைத் துறந்தார். இப்புதிய யாப்பைத் தமிழ்மக்கள் ஏற்கின்றனரா என்பதைத் தம் தொகுதியிலே பரீட்சித்துப் பார்க்க இடைத்தேர்தல் வைக்குமாறு அரசாங்கத்துக்கு அறைகூவினார். அரசாங்கம் நாட்களைக் கடத்தியது, மாதங்களைக் கடத்தியது, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தொகுதி உறுப்பினர் இன்றியே கிடந்தது. 1931 முதல் 1934 வரை மக்கள் தாமாகவே வெறுமையாய் விட்ட ஆசனம் இம்முறை அரசாங்கத்தாலே வெறுமையாக விடப்பட்டது.

ஈற்றில் 1975ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள், வி. பொன்னம்பலத்துக்கு 9,457. ஐந்தாண்டுகளுக்கு முன் மூன்றாகப் பிரிந்த தொகுதி நான்கில் மூன்று பங்கென்னும் அளவுக்கு ஒருமுகப்பட்டது. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்த காலம் அது. பிள்ளையின் புள்ளியை இனம்பார்த்து எடைபோட்டார்கள் என்ற கொதிப்பு படித்த வீடுகளில் மட்டுமன்றிப் படிக்க முயன்ற வீடுகளிலும் இருந்தது. எனினும், நாலில் ஒருவர் மறுபக்கம் வாக்களித்தார் என்பதையும் அவ்வெற்றி முழக்கத்தில் மறந்துவிடுதல் நேர்மையன்று. அவர்களின் காரணங்கள் மாவிட்டபுரத்து வாசலிலே பிறந்தவை. அக்காரணங்கள் 1975இலும் தீர்ந்தபாடில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவானவை. 1976 மே மாதத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம். 1977 ஏப்ரல் 26இல் செல்வநாயகத்தின் மறைவு. அதே ஆண்டு யூலைத் தேர்தலிலே தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் அ. அமிர்தலிங்கம் காங்கேசன்துறையில் நின்று 31,155 வாக்குகள் பெற்றார். பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவருமானார். தனித்தொகுதியாகக் காங்கேசன்துறை அனுப்பிய கடைசி உறுப்பினர் அவரே. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம் பிரிவினையை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்யுமாறு கேட்டது. கூட்டணியினர் செய்யவில்லை, ஆசனங்கள் பறிபோயின. ஆசனம் மூன்றாம் முறையாக வெறுமையாயிற்று. 1978ஆம் ஆண்டு யாப்பின் விகிதாசார முறைப்படி யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து ஒரே தேர்தல் மாவட்டமாயின. காங்கேசன்துறை இன்று வாக்கு எண்ணுதற்கான ஒரு பிரிவே. எங்கள் தொகுதி உறுப்பினர் என்று ஒருவரைச் சுட்டிக் கதவைத் தட்டும் வழக்கம் அத்தோடு மறைந்தது.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே மீண்டும் போர் மூண்டது. பலாலித் தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்த ஊர்களின் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தனர். சில நாட்களில் திரும்பலாம் என்று ஆட்டை அவிழ்த்துவிட்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிக்கொண்டு போனவர் பலர். அவ்வாண்டு ஒக்டோபரிலே கீரிமலை நகுலேஸ்வரம் குண்டுவீச்சுக்கு இலக்காகியது. சீமெந்துத் தொழிற்சாலை மூடப்பட்டது. ஊர்கள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயின. மல்லாகத்துக் கோணாப்புலம், சுன்னாகத்துச் சபாபதிப்பிள்ளை முகாம் முதலிய இடங்களிலே ஓலையும் தகரமும் கொண்டு குடில்கள் எழுந்தன. அரசாங்கப் பத்திரங்கள் இவற்றை நலன்புரி நிலையங்கள் என்று குறித்தன. அவற்றிலே பிறந்த பிள்ளைகள் அவற்றிலேயே வளர்ந்து வாக்களிக்கும் வயதை அடைந்தனர்.

மாவிட்டபுரத்து வீதியில் ஒருவரையொருவர் தள்ளி வாழ்ந்தவர்கள் முகாமிலே ஒரே நீர்க்குழாயின் முன் வாளியோடு நின்றார்கள் என்று சொல்வதுண்டு. இது பாதி உண்மையே. காணியும் வெளிநாட்டிலே பிள்ளைகளும் உடையவர் சில ஆண்டுகளில் முகாமை விட்டு வாடகை வீட்டுக்கோ, கொழும்புக்கோ, கனடாவுக்கோ சென்றனர். முகாமிலே எஞ்சியவர்கள் கடலை இழந்த கடற்றொழிலாளரும், முன்பும் காணி இல்லாதவரும், நாட்கூலிக்குப் போகின்றவருமே. இழந்ததற்கு உறுதி காட்டத் தெரிந்தவனுக்கு வழக்காடவாவது ஒரு வழி உண்டு. பிறர் காணியிலே குடியிருந்தவனுக்கு அதுவும் இல்லை. மீள்குடியேற்றம் பற்றிப் பேசுவோர் இந்த வேறுபாட்டை அடிக்கடி மறக்கின்றனர்.

இனி வாக்கின் நிலையைப் பார்ப்போம். வாக்கெடுப்பு நிலையங்கள் பெரும்பாலும் பாடசாலைகளே. காங்கேசன்துறை நடேசுவராக் கல்லூரி போன்ற பாடசாலைகளும் இடம்பெயர்ந்து வேற்றூரிலே இயங்கியமையால், ஊரின் வாக்குச்சாவடியும் ஊரோடு போயிற்று. 1994ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் இடாப்பில் இருந்தனர். குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்கெடுப்பே நடைபெறவில்லை. தீவுப்பகுதிகளிலும் பிறவிடங்களிலும் விழுந்த வாக்குகளுள் 10,744 பெற்ற ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சியினர் பத்தில் ஒன்பது ஆசனங்களுக்கு உரியராயினர். ஓல்ட் சாரத்தின் கதை அவ்வாண்டு யாழ்ப்பாணத்துக்கும் கொஞ்சம் பொருந்தியது.

2005ஆம் ஆண்டு நவம்பரிலே ஜனாதிபதித் தேர்தல் வந்தது. விடுதலைப் புலிகளின் பகிஷ்கரிப்பினால், இடாப்பிலிருந்த 701,938 பேரில் 8,524 பேரே வாக்களித்தனர், நூற்றுக்கு 1.21. நாடு முழுவதிலும் வெற்றியைத் தீர்மானித்த வித்தியாசமோ 180,786 வாக்குகள். வாக்களித்திருந்தால் நாட்டின் வரலாறு எவ்வாறு திரும்பியிருக்கும் என்று இன்றும் வாதிடுவோர் உளர். வாதம் முடியப்போவதில்லை. வாக்களியாமையும் ஒரு வாக்கே என்பதை மட்டும் அவ்விலக்கங்கள் காட்டுகின்றன. ஆனால் அதைத் தாமாகவே விரும்பி அளித்தவர் எத்துணைபேர் என்பது எந்தப் பெட்டியிலும் எண்ணப்படவில்லை.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலிலே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 721,359 வாக்காளர் இருந்தனர். வாக்களித்தவர் நூற்றுக்கு 23.33. எஞ்சியோரில் இறந்தவர் எத்துணை, கடல்கடந்தவர் எத்துணை, அடையாள அட்டை இல்லாதவர் எத்துணை என்று பிரித்தறிய வழியில்லாதிருந்தது. பின் இடாப்புத் திருத்தப்பட்டது. 2015இலே அதே மாவட்டத்தின் வாக்காளர் தொகை 529,239. பெயர்கள் குறைந்தபோது ஆசனங்களும் குறைந்தன. முன்னே மனத்திற் கொள்ளுமாறு கேட்ட அந்தப் பதினொன்று 1989 வரை இருந்தது; 1994இற் பத்தாகி, 2000இல் ஒன்பதாகி, 2015இல் ஏழாகி, 2024இல் ஆறாயிற்று. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை எட்டு இலட்சத்து முப்பதினாயிரம். 2012இலே அதே நிலப்பரப்பில், அதாவது யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து, ஏறத்தாழ ஏழு இலட்சம். இடையிட்ட முப்பதாண்டிலே நாட்டின் ஏனைய பகுதிகள் பெருகிக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்தே இதை நோக்கவேண்டும்.

காங்கேசன்துறையாருக்கு இதிலே ஒரு தனிச்சிக்கல் இருந்தது. வாக்காளர் இடாப்பு வதிவிடத்தை அடிப்படையாகக் கொண்டது. மயிலிட்டியான் சுன்னாகத்திலே வதிகின்றான். சுன்னாகத்திலே பெயரைப் பதிந்தால், ஊர்மீது தனக்கிருக்கும் உரிமையைத் தானே கைவிட்டதாகுமோ என்று அஞ்சினான். பதியாவிட்டால், பங்கீடு முதலிய நலன்களுக்கு எங்கே ஆள் என்று காட்டுவது? 2013ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சட்டம், போர்க்காலத்தில் தம் வதிவிடத்தை விட்டு நீங்க நேர்ந்தவர்கள் தம் சொந்த இடத்து இடாப்பிலே பெயரைச் சேர்க்க வழிசெய்தது. நல்ல சட்டமே. ஆனால் அதே ஆண்டு ஏப்ரலிலே, வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைப் பொதுத்தேவைக்கென எடுக்கப்போவதாக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர் இன்னாரென்று தெரியவில்லை என்பது அவ்வறிவித்தலின் கருத்து. உரிமையாளர் ஐந்து மைலுக்கு அப்பால் முகாம்களிலேயே இருந்தனர். வாக்காளர் இடாப்பிலும் இருந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர்.

அவ்வாண்டு செப்டெம்பர் 21இல் வட மாகாணசபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நிகழ்ந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு முப்பத்தெட்டு ஆசனங்களுள் முப்பதைக் கைப்பற்றியது. அதன் சின்னம் வீடு. இருபத்து மூன்று ஆண்டுகள் வீட்டைக் காணாதவர்கள் வரிசையில் நின்று வீட்டுக்குப் புள்ளடியிட்டனர்.

நிலம் சிறிது சிறிதாகத் திரும்பிற்று. 2015 தொடக்கத்திலே புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது. அவ்வாண்டிலேயே ஆயிரம் ஏக்கர் விடுவிக்க முடிவாயிற்று. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகமும் அதனையொட்டிய 54 ஏக்கரும் விடப்பட்டன. 2018 ஏப்ரலில் மேலும் 683 ஏக்கர். சென்று பார்த்தவர்கள் கண்டது மரம் முளைத்த சுவர்களையும், தூர்ந்த கிணறுகளையும், எல்லை அழிந்த காணிகளையுமே. கீரிமலையிலே ஜனாதிபதிக்கென எழுப்பிய மாளிகை ஒருபுறம் நிற்க, நல்லிணக்கபுரம் என்ற பெயரிலே இடம்பெயர்ந்தோர்க்குச் சிறு வீடுகள் மறுபுறம் எழுந்தன. 2025 ஏப்ரலில் வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டது. அவ்வீதியின் இருமருங்கிலும் உள்ள காணிகளுக்குள் இறங்க உடையவர்க்கு அப்பொழுது அனுமதி இல்லை.

2024 நவம்பர்த் தேர்தலிலே யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தெற்கிலே தலைமையைக் கொண்ட கட்சியொன்று இங்கே முதலிடம் பெற்றமை புதிது. தமிழரசுக் கட்சிக்கு ஓர் ஆசனமே கிடைத்தது. 1952ஐ நினைவுகூர்பவருக்கு இது முற்றிலும் வியப்பாயிராது. உரிமைப் பேச்சு ஊதியம் தராதபோது, ஆட்சியில் இருப்பவரிடம் நேராகக் கேட்டுப்பார்க்கலாம் என்று மக்கள் எண்ணுவதும், அதிலே ஏமாந்தாற் திரும்புவதும் இங்கே முன்பும் நடந்தவை. வாக்களித்தோரிலே பலர் கேட்டது ஒன்றுதான்: எஞ்சிய காணி எப்பொழுது விடுபடும் என்பது.

ஆண்டுதோறும் கிராம அலுவலர் வாக்காளர் கணக்கெடுப்புப் படிவத்தோடு வீடுகளுக்குச் செல்கிறார். வலிகாமம் வடக்கிலிருந்து வந்தோர் குடியிருக்கும் குடில்களிலே அவருக்கு வேலை சற்று அதிகம். 1990இலே முப்பது வயதாயிருந்த தந்தைக்கு ஊரின் குறிச்சி, ஒழுங்கை, அயல்வீட்டுக் கிணறு யாவும் நினைவிலுண்டு. முகாமிலே பிறந்த மகனுக்கு அவ்வூர் பெயரளவிலேதான் தெரியும். நிரந்தர முகவரி என்னும் நிரலுக்கு வந்ததும் அலுவலர் மகனை நோக்குகிறார். மகன் தந்தையை நோக்குகிறான். தந்தை மயிலிட்டி என்று சொல்லி, குறிச்சியின் பெயரையும் எழுத்துக்கூட்டிச் சொல்கிறார்.